கிரிகந்தை பங்களாவின் வெந்நீர்த் தடாகம்

கிரிகந்தை தோட்டத்தில் கொழுந்து குறைந்து கூட்டங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. ஓப்பநாயக்கவிலிருந்து மேலே ஏறும் பாதையின் இருபுறமும் தேயிலை பாதி காடாகிக் கிடந்தது. அதைத் துப்புரவாக்க ஆள் இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஆனால் மலையுச்சியில் வெள்ளைக்காரத் துரைமார் கட்டிவிட்டுப் போன பெரிய பங்களாவை ஹோட்டலாக்க ஆட்கள் தாராளமாக இருந்தார்கள். பங்களாவின் பழமையைக் காக்க ஒரு குழு, விருந்தாளிகளின் மனநிம்மதிக்கு ஒரு குழு, ஆபத்துகளை முன்கூட்டியே எதிர்பார்க்க ஒரு குழு, இந்தக் குழுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ள இன்னொரு குழு. எல்லாவற்றுக்கும் ஜெனரல் மேனேஜரே தலைவர். ஒரு குழுவின் தலைவராக அவர் கேட்டதை இன்னொரு குழுவின் தலைவராக அவரே மறுப்பதும், பிறகு இரு தரப்பும் கை குலுக்கிக்கொள்வதும் அங்கே சாதாரணமாக நடந்தன.

விஜயகலா அதுவரை கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள். ஒரு காலையில் தோட்டத்து ஆபீஸான கந்தோருக்குக் கூப்பிட்டு, அவள் இனிமேல் ‘நீர்நிலைப் பாரம்பரிய உதவி உத்தியோகத்தர்’ என்று சொன்னார்கள். அவள் பெரிய கிளார்க்கர் செல்லத்துரையின் முகத்தைப் பார்த்தாள்.

“அப்படின்னா என்னா வேலைங்க ஐயா?”

“பூலுல எலை விழுந்தா எடுக்கணும்” என்றார் செல்லத்துரை.

அவளுடைய தங்கை அனுஷியாவுக்கும் பங்களாவிலேயே வேலை கிடைத்தது. எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் அறையில் துவாய் மடிக்க வேண்டும், எண்ணெயைச் சூடாக்கி வைக்க வேண்டும். தாய் தகப்பன் இல்லாத இரண்டு பெண்களும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரே காம்பராவில் இருந்தார்கள். தோட்டத்து வேலையை விட்டால் காம்பராவையும் விட வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே உத்தியோகத்தின் பெயர் என்னவாக இருந்தாலும் சரி என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

பங்களாவின் நீச்சல் தடாகத்துத் தண்ணீர் மலையில் ஊறி வழியும் பீலியிலிருந்து சில்லென்று வந்தது. விருந்தாளிகள் ஒரு காலை விட்டுப் பார்த்துவிட்டு மற்றக் காலை விடாமலே அறைக்குத் திரும்பினார்கள். அதனால் கொழும்பிலிருந்து கேஸில் ஓடும் ஹீட்டர் ஒன்று லொறியில் வந்து இறங்கியது. குத்துவிளக்கு ஏற்றி, முல்லைச்சரம் போட்டு அதை வரவேற்றார்கள். ஜெனரல் மேனேஜர் சிங்களவர், முப்பது வருடம் தோட்டங்களில் உத்தரவு போட்டே தமிழ் பழகியவர். அவர் பேசினார்.

“இந்த மலையில நூத்தம்பது வருஷமா எல்லாரும் பச்சத்தண்ணியில குளிச்சிருக்காங்க. இது வரலாற்றுத் தவறு. கம்பெனி இந்தத் தவற திருத்தும். மொதல்ல விருந்தாளிகளுக்கு. அதுக்குப் பொறகு...” அவர் சற்று யோசித்தார். “அதுக்குப் பொறகும் விருந்தாளிகளுக்கு.”

எல்லோரும் கை தட்டினார்கள். விஜயகலாவும் தட்டினாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் மட்டும் கை தட்டாமல் ஹீட்டரையும் பங்களாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலில் கனத்த சப்பாத்து, தலையில் முக்காடு, கையில் அளவு நாடா. ஹீட்டர் விற்ற கடையின் இன்ஜினியர் அவள். பெயர் பஸ்லியா. சொந்த ஊர் இரத்தினபுரி.

சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த வெட்டவெளியை அவள் காட்டினாள்.

“இங்க ஒரு மட்டமான கொங்கிரீட் தளம் போடுங்க சேர். ஹீட்டர் வெளியதான் ஈக்கோணும். அது நெருப்பு. அதுக்கும் மூச்சு வேணும். நல்ல காத்து உள்ள போகோணும், பொகை தடையில்லாம வெளிய போகோணும். குளோரின் குளிசை போடுற பெட்டி ஹீட்டருக்குப் பொறகுதான் வரோணும். நடுவுல தண்ணி திரும்பி வராத மாதிரி ஒரு வால்வு போடோணும். முன்னுக்குப் போட்டா அந்த அமிலம் நேரா ஹீட்டருக்குள்ள போகும்.”

ஜெனரல் மேனேஜர் சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லித் தலையாட்டினார். “ஹரி, ஹரி. பொறகு?”

“தண்ணிதான் பெரிய வேலை. இது பீலித் தண்ணி. சுண்ணாம்புச் சத்தே இல்ல, அமிலமும் கூட. ஹீட்டருக்குள்ள செம்புக் குழாய் ஈக்கிது. இந்தத் தண்ணி அந்தச் செம்பக் கரைச்சுரும். அப்பச்சோடா போட்டுக் காரத்தக் கூட்டோணும். கால்சியமும் போடோணும். சோதிச்சுப் பாக்கக்குள்ள பீ.எச். ஏழரைல நிக்கோணும்.”

செல்லத்துரை எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

“ஏழரையா?”

“ஏழரைதான். கொஞ்சம் மேல கீழ போனா பரவாயில்ல.”

“ஏழரை வேணாங்க தொரை” என்றார் செல்லத்துரை மெதுவாக. “நம்ம சனத்துக்கு அது சனி புடிக்கிற கணக்கு. பூலுக்குப் பக்கத்துல போர்டுல ஏழரைன்னு எழுதி வச்சா தோட்டமே பயந்துரும்.”

ஜெனரல் மேனேஜருக்கும் அந்தக் கணக்கின் சிங்களப் பெயர் தெரிந்திருந்தது. அவருடைய முகம் மாறியது. அன்று பிற்பகலே மனநிம்மதிக் குழு கூடி, ஏழரையை நிராகரித்தது. எந்த எண் நல்லது என்பதில் மட்டும் கொஞ்சம் இழுபறி. ஐந்து பஞ்சபூதத்துக்குப் பொருந்தும் என்று ஒருவர் சொல்ல, ஐந்தே முடிவானது. பீலித் தண்ணீர் ஏறக்குறைய அந்தக் கணக்கிலேயே இருந்ததால், ஒன்றும் செய்யாமல் விட்டாலே இலக்கை எட்டிவிடலாம் என்பது கூடுதல் வசதி. அப்பச்சோடா மூட்டைகளையும் கால்சிய மூட்டைகளையும் விருந்தாளிகள் கண்டால் தோட்டத்தின் இயற்கைத் தேயிலைச் சான்றிதழைப் பற்றித் தப்பாக நினைப்பார்கள் என்று அவற்றையும் விலக்கினார்கள்.

பழமை காக்கும் குழு அடுத்த நாள் கூடியது. பங்களாவின் எந்தச் சன்னலிலிருந்து பார்த்தாலும் ஹீட்டர் கண்ணில் படக்கூடாது. ஆகவே அதைப் பழைய விறகுக் காம்பராவுக்குள் வைப்பது. ஓட்டுக் கூரைக்கு மேலே புதிய புகைக்குழாய் நீட்டினால் வெள்ளைக்காரன் கட்டிய தோற்றம் கெட்டுவிடும். விறகுக் காம்பராவுக்கு அடுத்த அறையில், அதாவது எண்ணெய் தேய்க்கும் அறையில், துரைமார் குளிர்காய்ந்த பழைய கணப்பு இருந்தது. ஹீட்டரின் புகைக்குழாயைச் சுவர் வழியாக அந்தக் கணப்பின் புகைக்கூண்டில் சேர்த்துவிட்டால் பழசும் புதுசும் கைகோத்த மாதிரி இருக்கும். குளோரின் மாத்திரை போடும் குளிசைப் பெட்டியும் அசிங்கமாக இருந்தது. குளிசையைத் தடாகத்து ஓரத்தில் இலை சேரும் கூடையிலேயே போட்டுவிடலாம். அங்கிருந்து அது பம்புக்குள் போய், பம்பிலிருந்து ஹீட்டருக்குள் போகும். யார் கண்ணிலும் படாது.

இதைக் கேட்ட பஸ்லியா எண்ணெய் அறைக்குப் போனாள். பிறகு கணப்புக்குள் தலையை விட்டு மேலே பார்த்தாள். மேலே வெளிச்சம் தெரியவில்லை. குருவிக் கூடும் வௌவால் எச்சமும் அடைத்துக் கிடந்தன.

“சேர், நான் இந்த எடத்துல ஹீட்டரப் பூட்டித் தரமாட்டன். இது ஆளக் கொல்லும்.”

“மிஸ், ஆபத்துக் குழு இன்னும் கூடல்ல. கூடாம நீங்க ஆபத்துன்னு சொல்ல ஏலாது” என்றார் ஜெனரல் மேனேஜர்.

பஸ்லியா சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். போகும்போது தடாகத்தருகே நின்ற விஜயகலாவைத் தனியாகக் கூப்பிட்டு, விறகுக் காம்பராவுக்கு வெளியே இருந்த கேஸ் சிலிண்டர்களையும் அவற்றைத் திறந்து மூடும் டெப்பையும் காட்டினாள்.

“தங்கச்சி, வேற ஆளக் கொண்டு பூட்டத்தான் போறாங்க. அந்த ரூமுல யாருக்கும் தலை இடிச்சா, ஓங்காளிச்சா, மொதல்ல கதவத் தெறங்க. பொறகு இத மூடுங்க. வேற ஒண்டும் யோசிக்க வேணாம்.”

விஜயகலாவுக்குப் பாதி புரிந்தது. டெப்பை எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வேறு ஆள் வந்து ஹீட்டரைப் பொருத்தினான். ஹீட்டர் எரிந்தது. தண்ணீர் சூடானது. விருந்தாளிகள் இரண்டு காலையும் விட்டார்கள். முதல் சில வாரங்கள் எல்லாம் நன்றாகவே போயின. விஜயகலா இலை எடுத்தாள். போர்டில் ஐந்து என்று எழுதினாள்.

அதற்குப் பிறகு தண்ணீர் நிறம் மாறத் தொடங்கியது. முதலில் ஓரத்து வெள்ளை டைல்களில் நீலப்பச்சையாக ஒரு கறை படிந்தது. தேய்த்தாள், போகவில்லை. பிறகு தண்ணீரே நீலம் பாரித்தது. ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பொன்னிறக் கூந்தல் குளித்து எழுந்தபோது பாசி நிறமாகியிருந்தது. அவள் அழுதாள். விஜயகலா கந்தோருக்கு ஓடினாள்.

“ஐயா, ஹீட்டருக்குள்ள செம்பு கரையுது போலங்க. அந்த மிஸ் சொன்னாங்களே.”

செல்லத்துரை விஷயத்தை மேலே அறிவித்தார். ஜெனரல் மேனேஜர் தடாகத்தைச் சுற்றி நடந்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். அவர் கண்ணில் நீர் தளும்பியது.

“இது இரத்தினபுரி மாவட்டம்” என்றார். “மண்ணத் தோண்டுனா நீலக்கல். இப்ப தண்ணியிலயும் நீலக்கல். நாங்க கூப்பிடல்ல, அதாவே வந்திருக்கு.”

மறுநாள் ‘நீலக்கல் தடாகம்’ என்று பலகை அடித்தார்கள். பச்சைத் தலையோடு போன பெண்ணைப் பற்றி யாரோ கேட்டபோது, “அவங்க எங்க விளம்பரத்தத் தலையில சுமந்துக்கிட்டுப் போறாங்க” என்றார் ஜெனரல் மேனேஜர். நிறம் மங்கிவிடாமல் இருக்கக் குளிசைகளை இன்னும் கூடுதலாகப் போடும்படி விஜயகலாவுக்கு உத்தரவு வந்தது. அவள் போட்டாள். போடும்போதெல்லாம், சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று உட்கார்ந்து மென்றுகொண்டிருப்பது போல அவளுக்குத் தோன்றும்.

விறகுக் காம்பராவுக்குள் நெருப்பு முன்பு நீலமாக எரிந்தது, இப்போது மஞ்சளாக எரிந்தது. சுவரில் கரி படிந்தது. எண்ணெய் அறையின் கணப்பிலிருந்து வெதுவெதுப்பான மூச்சு ஒன்று வரத் தொடங்கியது. விறகில்லாமலே அறை சூடாகிறது என்று விருந்தாளிகள் மகிழ்ந்தார்கள். அனுஷியா காலையில் அறையைக் கூட்டும்போது செத்த பல்லிகளை அள்ளினாள். மாலையில் தலையைப் பிடித்துக்கொண்டு லயத்துக் காம்பராவுக்கு வந்தாள்.

“தலை வெடிக்குதுக்கா. வெளிய வந்தா சரியாப் போகுது. உள்ள போனா திரும்ப வருது.”

“சன்னலத் தெறந்து வையி.”

“தெறக்கக் கூடாதுங்கிறாங்க.”

உண்மைதான். அந்த அறையில் எண்ணெய் தேய்த்துக்கொண்ட விருந்தாளிகள் அசந்து தூங்கினார்கள். சாதாரணத் தூக்கம் அல்ல. தட்டி எழுப்பினாலும் கொஞ்ச நேரம் தங்கள் பெயர் நினைவில்லாமல் விழித்தார்கள். இவ்வளவு ஆழ்ந்த தூக்கம் தன் ஊரில் கிடையாது என்று ஒருவர் வியந்து எழுதிவிட்டுப் போனார். மனநிம்மதிக் குழு கூடியது. எண்ணெய் அறை ‘நித்திரை அறை’ ஆனது. தூக்கம் வெளியே கசிந்துவிடக் கூடாது என்று சன்னல் இடுக்குகளில் ரப்பர் பட்டி ஒட்டினார்கள். கதவுக்கடியிலும் ஒட்டினார்கள்.

விஜயகலா மறுபடியும் கந்தோருக்குப் போனாள். இந்த முறை ஜெனரல் மேனேஜரே அவளைப் பார்த்தார்.

“தொரை, அந்த ரூமுல பொகை வெஷம் இருக்குதுங்க. தங்கச்சிக்குத் தலவலி. பல்லியெல்லாம் செத்துக் கெடக்குது.”

“பல்லி விருந்தாளியா?”

“இல்லங்க.”

“தங்கச்சி விருந்தாளியா?”

“இல்லங்க தொரை.”

“விருந்தாளி யாராவது மொறப்பாடு சொன்னாங்களா?”

“அவுங்க தூங்குறாங்கங்க.”

“அப்ப திருப்திதானே” என்றார் அவர், கோபமில்லாமல். அவளுடைய விழிப்புணர்வைப் பாராட்டி அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் என்று அவளுடைய படத்தைக் கந்தோர்ச் சுவரில் மாட்டச் சொன்னார். படத்தில் அவள் பயந்துபோன ஆளைப் போல இருந்தாள்.

மழை விடாமல் அடித்த ஒரு பிற்பகல், விருந்தாளிகள் யாரும் இல்லை. தங்கைக்குத் தேத்தண்ணி கொண்டுபோன விஜயகலா கதவைத் தள்ளினாள். அடியில் ஒட்டிய ரப்பர் பட்டி இழுத்துப் பிடித்தது. தோளால் இடித்துத் திறந்தாள். மடித்த துவாய்களுக்கு மேல் முகம் குப்புற அனுஷியா கிடந்தாள். கன்னம் ரோசாப்பூப்போலச் சிவந்து, பார்க்க ஆரோக்கியமாகவே இருந்தாள். கூப்பிட்டால் அசைவில்லை.

விஜயகலா தங்கையின் அக்குளில் கை கொடுத்து விறாந்தைக்கு இழுத்து வந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. ஓடிப்போய் கேஸ் டெப்பை மூடினாள். திரும்பி வந்தபோது அனுஷியா வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வாந்தியைக் கண்டு ஒரு மனுசி சந்தோசப்பட முடியும் என்று விஜயகலா அன்றுதான் அறிந்தாள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் இருளப்பன் கொழுந்து லொறியை மறித்துக் கொண்டுவந்தார். பலாங்கொடை ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் கேட்டார், மூடிய அறையில் ஏதாவது எரிகிறதா என்று. விஜயகலா சிங்களத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் கிடந்திருந்தால் இங்கே கொண்டுவந்திருக்க வேண்டியதில்லை என்றார்.

அனுஷியா உயிரோடு தோட்டத்துக்குத் திரும்பினாள். அவளுக்காக ஒரு குற்றச்சாட்டு காத்திருந்தது. கடமை நேரத்தில் நித்திரை கொண்டது.

“அந்த அறையில நித்திரை விருந்தாளிகளுக்கான சேவை” என்று செல்லத்துரை வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது அவர் அவர்களைப் பார்க்கவில்லை. “ஊழியர் ஒருத்தர் அனுமதியில்லாம அதப் பயன்படுத்தினது ஒழுக்கக்கேடு.”

“ஐயா, அவ செத்துப் பொழச்சிருக்கா” என்றாள் விஜயகலா.

“தெரியும் புள்ள. டாக்டர் கவர்ன்மென்ட் ஆளு. அவர் சொல்றது கம்பெனிக்குள்ள செல்லாதுன்னு தொரை சொல்றாரு.”

விஜயகலாவுக்கும் தனியாக ஒன்று இருந்தது. அவள் கேஸை மூடியதால் தடாகம் ஒரு பொழுது முழுக்க ஆறிக் கிடந்தது. இனிமேல் ஜெனரல் மேனேஜரின் அனுமதி இல்லாமல் டெப்பைத் தொடுவதோ, ஆட்கள் உள்ளே இருக்கும்போது நித்திரை அறையின் கதவைத் திறப்பதோ இல்லை என்று அவள் எல்லோர் முன்னிலும் வாயால் மூன்று முறை சொல்ல வேண்டும். சொன்னாள். வேலை போனால் லயத்துக் காம்பராவும் போகும் என்ற ஞாபகம் வந்தது. ஒவ்வொரு முறையும் குரல் இறங்கிக்கொண்டே போனது.

விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை காலையில். கொழும்பிலிருந்து இரண்டு குழு உறுப்பினர்கள் வந்தார்கள். குற்றம் நடந்த இடத்திலேயே விசாரிப்பதுதான் முறை என்று ஜெனரல் மேனேஜர் நித்திரை அறைக்குள் மேசை போடச் சொன்னார். இரகசியம் வெளியே போகக் கூடாது என்று சன்னல்களை இறுக்கினார்கள். பகலில் விருந்தாளிகள் வருவதால் ஹீட்டரை முழு வேகத்தில் விட்டார்கள். “மொதல்ல நாங்க மூணு பேரும் தனியாப் பேசி முடிவெடுக்கிறோம். அதுக்குப் பொறகு விசாரிப்போம்” என்றார் ஜெனரல் மேனேஜர். கதவை உள்ளே தாழிட்டார். வெளியே ‘தயவுசெய்து தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்ற அட்டை தொங்கியது.

விறாந்தையில் போட்ட வாங்கில் உட்கார்ந்து விஜயகலா, அனுஷியா, அவர்களுக்குத் துணையாக இருளப்பன். உள்ளேயிருந்து ஜெனரல் மேனேஜரின் குரல் கேட்டது. தூங்குகிற தொழிலாளியால் நாடு எப்படி முன்னேறும் என்று கேட்டுக்கொண்டிருந்தது. தொழிலாளி எப்போதும் விழித்திருக்க வேண்டும், நிர்வாகிக்கும் முகாமைத்துவம்தான்... முகாமைத்துவம்தான்... என்று அது தேடியது. பிறகு அதே வாக்கியத்தை முதலிலிருந்து தொடங்கியது. இன்னொரு குரல் கொட்டாவியோடு ஆமோதித்தது. ஒரு பேனா தரையில் விழுந்து உருண்டது. அதை யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை.

குரல் நின்றது. ஓட்டில் இருந்த ஈரம் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“முடிவெடுத்துட்டாங்க போல” என்றார் இருளப்பன்.

விஜயகலா மூடிய கதவைப் பார்த்தாள். அவளுக்கு என்ன நடக்கிறதென்று தெரியும். இன்னொன்றும் தெரிந்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். அவள் தொடக் கூடாது, திறக்கக் கூடாது, அதைத்தான் மூன்று முறை சொல்ல வைத்தார்கள். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் மட்டும் போதும். அந்த எண்ணம் எவ்வளவு அமைதியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

செல்லத்துரை தட்டில் தேத்தண்ணியோடு வந்தார்.

“ஐயா, கதவத் தெறக்கணும்” என்றாள்.

“தெறக்கக் கூடாதே புள்ள. ஜீ.எம். தொரையோட அனுமதி வேணும்.”

“அவரு உள்ள இருக்காரு.”

“அப்ப அவர்கிட்ட கேளு.”

விஜயகலா கதவருகே போனாள். “தொரை, கதவத் தெறக்கலாமுங்களா?” என்று கேட்டாள். பதில் இல்லை. இன்னொரு தரம், பலமாகக் கேட்டாள். செல்லத்துரை தட்டைக் கீழே வைத்தார். “அனுமதி கெடைக்கலியே” என்றார், அழுதுவிடுகிற குரலில்.

அனுஷியாதான் எழுந்தாள். நடக்கும்போது இன்னும் அவளுக்குக் கொஞ்சம் தள்ளாடியது.

“அக்கா, அந்தத் துவாய் மேல என் மூஞ்சி கெடந்தது எனக்கு ஞாபகமே இல்ல. வலிக்கவும் இல்ல. அவுங்களுக்கும் வலிக்காது” என்றாள். “அதுதான் பயமா இருக்கு. தெற.”

விஜயகலா ஓடிப்போய் டெப்பை மூடினாள். இருளப்பன் பூப்பாத்தியில் கிடந்த மண்வெட்டியை எடுத்துச் சன்னலை அடித்தார். வெள்ளைக்காரன் காலத்துப் பூ வேலைக் கண்ணாடி சரிந்து விழுந்தது. மூன்று பேரும் மேசையில் கன்னம் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளைப்போலப் படுத்திருந்தார்கள். ஒவ்வொருவராகச் சன்னல் வழியாக இழுத்துப் புல்லில் போட்டார்கள். கொழும்புக்காரர்கள் இருவரும் இருமினார்கள். ஜெனரல் மேனேஜர் இருமவில்லை. அனுஷியா அவருடைய கன்னத்தில் தட்டினாள். பிறகு ஓங்கி ஒன்று வைத்தாள். அவர் மூச்சை இழுத்தார்.

அதே கொழுந்து லொறி, அதே ஆஸ்பத்திரி.

தடாகம் ஆறிப்போனதால் செல்லத்துரை பதறிப்போய் பஸ்லியாவைக் கூப்பிட்டிருந்தார். அவள் ஹீட்டரை வெளியே இழுத்துப் புல்லில் வைத்துப் பிரித்தாள். உள்ளே செம்புக் குழாய் பூச்சி தின்ற இலைபோல ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஓட்டைகளிலிருந்து கசிந்த தண்ணீரும் கரியும் சேர்ந்து, புகை போகும் இடுக்கெல்லாம் களிபோல அடைத்திருந்தன.

“நல்லா வச்சிருந்தா பத்து வருஷம் ஓடியிருக்கும்” என்றாள் பஸ்லியா. கையைத் துடைத்துக்கொண்டு அறையைத் திரும்பிப் பார்த்தாள். “எத்தின பேரு?”

“யாரும் சாகலிங்க மிஸ்.”

பஸ்லியா தலையசைத்தாள். அரிபட்ட குழாயில் ஒரு துண்டை முறித்து விஜயகலாவின் கையில் கொடுத்தாள். “சேருக்குக் காட்டுங்க.”

வார்ட்டில் ஜெனரல் மேனேஜர் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். விஜயகலா செம்புத் துண்டைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். தண்ணீரும் குளிசையும் புகைக்கூண்டும் என்ன செய்தன என்பதைத் தனக்குத் தெரிந்த மட்டில் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“மெஷின்ல குறை” என்றார். “பலவீனமான மெஷின். வேற ஒண்ணு ஓடர் பண்ணியாச்சு.”

“எங்கங்க தொரை வைக்கிறது?”

“அதே எடத்துல. பழமைக் குழு முடிவு பண்ணினது. மாத்த ஏலாது.” கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு அவருக்கு முக்கியமானது ஒன்று நினைவுக்கு வந்தது. தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தார்.

“கதவத் தெறக்க யாரு அனுமதி குடுத்தது?”

விஜயகலா அவரைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் அவரிடம் உண்மையை மட்டுமே சொல்லி வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

“நீங்கதாங்க தொரை. கேட்டேன். தூங்கிக்கிட்டே தலைய ஆட்டுனீங்க.”

ஜெனரல் மேனேஜர் யோசித்தார். முகத்தில் இருந்த கலக்கம் மெல்ல இறங்கியது.

“ஹரி” என்றார். “அப்ப ஒழுங்காத்தான் நடந்திருக்கு.” கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அனுஷியா நின்றிருந்தாள்.

“என்னாக்கா சொன்னாரு?”

“வேற மெஷின் வருதாம். அதே ரூமுக்குத்தானாம்.”

தோட்டத்துக்குப் போகும் ஓப்பநாயக்க பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இருவரையும் பார்த்து ஏறச் சொன்னான். காம்பராவில் அவர்களுடைய உடுப்பும் சட்டி பானையும் சாமி படமும் இருந்தன. விஜயகலா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மணியை இழுத்தான். பஸ் மலைப்பக்கம் திரும்பிப் போகும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏறவில்லை.